இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் கோயில்: கரணை பிடித்தவன் எழுதும் மதிப்புரை

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் 36 கிலோமீட்டர் போனால் இடைக்காட்டூர். திருப்புவனம் தாண்டியதும் முத்தனேந்தலை விசாரித்து அங்கிருந்து திரும்ப வேண்டும். வைகைக் கரை ஊர். கருவேலமரம், கண்மாய், ஆட்டுக்கிடை என்று சிவகங்கைச் சீமையின் மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கும். அந்த ஊருக்குள்ளேதான் 1894-இல் எழுப்பிய திருஇருதய ஆண்டவர் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. பிரான்சில் உள்ள ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. கட்டியவர் பெர்டினாண்டு செல் என்ற பிரெஞ்சுக் குரு, சேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவிகள் சபையைச் சேர்ந்தவர்.

போய் வந்தவர்கள் பெரும்பாலும் படத்தைத்தான் காட்டுகிறார்கள். முகப்பு முன்னால் நின்று ஒன்று, பீடத்துக்கு எதிரே நின்று ஒன்று. அதில் தப்பில்லை, அழகான இடம்தான். ஆனால் அந்தப் படங்களில் கோயிலின் பெரிய விஷயம் விழுவதே இல்லை. அது செங்கல். நான் கட்டட வேலைக்காரன். கையாளாகச் சேர்ந்து, கரணை என்கிற கொத்துக்கரண்டி பிடித்து, இப்போது சின்னச் சின்ன காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். எந்தக் கோயிலுக்குள் போனாலும் முதலில் சிலுவை அடையாளம் போடுவேன், அடுத்து சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். இடைக்காட்டூரில் சுவரிலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோத்திக் என்பது கூர்வளைவும் உயரமும் கொண்ட பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி. பிரான்சில் அது பெரும்பாலும் கல் கட்டடம். ரீம்ஸ் கோயில் சுண்ணாம்புக் கல்லால் கட்டியது. 1211-இல் வேலை தொடங்கினார்கள். பிரெஞ்சு அரசர்களுக்கு முடிசூட்டிய கோயில் அது. கல்லில் என்ன வேண்டுமானாலும் செதுக்கலாம். கூர்மாடம் வேண்டுமா, பூவேலை வேண்டுமா, தூணில் வரிவரியாகக் குழிவு வேண்டுமா, உளி எடுத்துச் செதுக்கிக்கொண்டே போகலாம். செங்கல்லில் அது நடக்காது. சுட்ட செங்கல்லைச் செதுக்கினால் மேல்தோல் போய்விடும். தோல் போன செங்கல் தண்ணீரைக் குடிக்கும், நாலு மழையில் பொரிந்துவிடும். அப்படியானால் என்ன வழி? ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு விளிம்புக்கும், அந்தந்த வடிவத்திலேயே பச்சை மண்ணை அச்சில் அடித்து, காயவைத்து, சூளையில் வேகவைத்து எடுக்க வேண்டும்.

இடைக்காட்டூரில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். சுமார் 200 வகை அச்சுச் செங்கல் இந்தக் கோயிலுக்குள் இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்கும்போது வெறும் எண்ணாகத்தான் இருக்கும். முகப்பு வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்று, வாசல் வளைவை அடியிலிருந்து மேலே வரைக்கும் ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். தரையோடு சேரும் இடத்தில் விளிம்பு சரித்த கல். அதற்கு மேலே கால்வட்டக் கல். தூணைச் சுற்றி வரும் இடத்தில் வேறு வளைவு. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து ஆப்பு மாதிரி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்த கல். உச்சியில் இரண்டு பக்கத்து வளைவும் முட்டிக்கொள்ளும் இடத்துக்குத் தனிக் கல். ஒரே ஒரு வாசலுக்கே இத்தனை. அப்புறம் ஜன்னல்கள், மாடக்குழிகள், கூம்புகள், உள்ளே தூண்கள்.

இதில் ஒரு சிக்கலை வேலை தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடச் சுருங்கும். ஒன்பது அங்குலக் கல் வேண்டுமென்றால் அச்சு ஒன்பது அங்குலத்துக்கு இருந்தால் போதாது, பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது அந்த மண்ணோடு பழகியவனுக்குத்தான் தெரியும். சூளைக்குள்ளேயும் எல்லாக் கல்லும் ஒன்றுபோல வேகாது. நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது கருகும், ஓரத்தில் இருந்தது வேகாமல் சிவப்பு வெளுத்து வரும். கருகியது அதிகம் சுருங்கும், வேகாதது குறைவாகச் சுருங்கும். சாதாரணச் சுவரில் இந்த வித்தியாசத்தைச் சாந்தை வைத்துச் சமாளித்துவிடலாம். கூர்வளைவில் சமாளிக்க முடியாது. இந்தப் பக்கத்துக் கல் கால் அங்குலம் கூடினால் உச்சி ஒருபக்கமாகத் தள்ளிப் போகும். இடைக்காட்டூர் வாசலுக்கு நேர் எதிரே நின்று ஒரு கண்ணை மூடி, தூக்குக்குண்டு பிடிக்கிற மாதிரி பெருவிரலை நிமிர்த்திப் பார்த்தேன். உச்சி நடுவில் நிற்கிறது. 130 வருஷமாக நிற்கிறது.

இன்றைக்கு எங்களுக்கு லாரியில் வந்து இறங்குவது சேம்பர் செங்கல். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அதிலும் நூறு கல்லில் பத்தைக் கழித்துத்தான் போடுகிறோம். நாட்டுச் செங்கல் என்றால் இன்னும் அதிகம் கழியும். இந்தக் கோயிலுக்கு எத்தனை அச்சு வீணாகியிருக்கும், எத்தனை சூளை கலைத்து அடுக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அச்சு செய்த ஆசாரி பெயரோ, மண் மிதித்தவர் பெயரோ, சூளை வைத்தவர் பெயரோ சுவரில் இல்லை. அவர்களுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

இங்கே வைகையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இடைக்காட்டூர் மானாமதுரை வட்டாரம். மானாமதுரை என்றால் கடம். கச்சேரி மேடைகளில் தட்டினால் கணீரென்று பேசும் கடம் இந்த மண்ணில் வனைவது. அந்த மண்பாண்டத் தொழிலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே ஆற்றோரம் மதுரைப் பக்கமாகப் போனால் கீழடி. அங்கே தோண்டத் தோண்டச் சங்க காலத்துச் செங்கல் கட்டுமானம் வந்துகொண்டே இருக்கிறது. ஆக, இந்த ஆற்றங்கரைக்கு மண்ணைச் சுடத் தெரிந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. பிரான்சிலிருந்து வந்த குருவிடம் வரைபடம் இருந்தது. அவர் இறங்கிய இடத்தில் மண் தெரிந்த ஜனம் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் கோயில் எழுந்திருக்காது என்பது என் எண்ணம். முடிந்தால் கீழடி அருங்காட்சியகத்தைக் காலையில் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் இடைக்காட்டூர் போங்கள். அங்கே பார்த்த செங்கல் கண்ணில் இருக்கும்போதே இங்கே பார்ப்பது தனி.

சாந்துக்கு வருகிறேன். நம் நாட்டில் சிமெண்ட் ஆலை தொடங்கியதே 1904-இல், சென்னையில். இந்தக் கோயில் அதற்குப் பத்து வருஷம் முந்தியது. முழுக்கச் சுண்ணாம்புக் காலம். சுண்ணாம்பைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து, காளை பூட்டிய கல் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விடுவது நம் பக்கத்து வழக்கம். மெழுகுப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். இதெல்லாம் பழங்கதை என்று இளவட்டக் கொத்தனார்கள் நினைக்கிறார்கள். கதை இல்லை, வேலைக்கான காரணம் இருக்கிறது. சிமெண்ட் மாதிரி சுண்ணாம்பு ஒரே நாளில் இறுகாது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து இழுத்து, வருஷக்கணக்கில் மெதுவாகத் திரும்பக் கல்லாகும். அதுவரைக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வைகைக் கரையில் மண் மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். அந்தச் சின்ன அசைவுகளைச் சுண்ணாம்பு தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, சுவருக்குள் ஏறும் ஓதத்தை, அதாவது ஈரத்தை, அது வெளியே விட்டுவிடும். சித்திரை வெயிலில் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனீர்களானால் அந்தச் சுவரின் அருமை உடம்புக்கே தெரியும். தடித்த செங்கல் சுவர், உயர்ந்த உள்கூடு, மேலே போய்த் தங்கும் சூடு. ஏ.சி. தேவைப்படாத மண்டபம்.

உள்ளே நுழைந்ததும் கண் தானாக மேலே போகும். கூர்வளைவுகள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பீடம் வரைக்கும் வரிசையாகப் போகின்றன. வட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும், கூர்வளைவு கீழ்நோக்கி இறக்கும். அதனால் தூணை மெலிவாக வைக்கலாம், ஜன்னலைப் பெரிதாகத் திறக்கலாம். வெளிச்சம் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும். அந்த ஊர் மாதிரியான இடத்தில், சுற்றிலும் தாழ்ந்த ஓட்டு வீடுகளில் குனிந்து நுழைந்து பழகிய ஜனத்துக்கு, 1894-இல் இந்த உயரம் எப்படி இருந்திருக்கும்! அரசர்கள் முடிசூடிய கோயிலின் சாயலை, ஆடு மேய்த்து விவசாயம் பார்க்கும் ஊருக்காக ஒருவர் கட்டினார் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிகிறது. நகரத்தில் கட்டியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

இனி சம்மனசுகள். இன்றைய மொழிபெயர்ப்பில் வானதூதர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்போதும் சம்மனசுதான். இந்தக் கோயிலில் 153 சம்மனசுச் சுரூபங்கள் இருக்கின்றன. தூண் உச்சியில், வளைவின் ஓரத்தில், மாடத்தில், திரும்பிய பக்கமெல்லாம் இறக்கை. நான் அண்ணாந்து நின்றதைப் பார்த்து, ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா, "அப்பு, எண்ணிப் பாக்குறியளோ? எண்ண வேணாம், ஜெபமாலையச் சொல்லுங்க, கணக்குத் தன்னால வந்துரும்" என்றார். சரியான வழிதான். சந்தோஷம், துக்கம், மகிமை என்ற மூன்று காரணிக்கங்களையும் (தியானப் பகுதிகளையும்) சேர்த்துப் பழைய முறையில் சொல்லும் முழு ஜெபமாலையில் 150 மணியும் தொடக்கத்து 3 மணியுமாக 153 அருள் நிறைந்த மரியே. இன்னொரு 153 யோவான் நற்செய்தியில் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் சொன்னபடி வலது பக்கம் வலை போட்டபோது சிக்கிய பெரிய மீன்கள் 153, வலை கிழியவில்லை என்று 21-ஆம் அதிகாரத்தில் வரும். சிற்பம் வைத்தவர் எதை மனசில் வைத்தார் என்று நான் ஆராயப் போவதில்லை. ஆத்தா சொன்ன கணக்கு எனக்குப் போதும்.

ரீம்ஸ் கோயிலுக்கும் 'சம்மனசுகளின் பேராலயம்' என்றே ஒரு பெயர் உண்டு. அங்கே வாசலில் ஒரு சம்மனசு சிரித்துக்கொண்டே நிற்கும். உலகம் முழுக்கப் பெயர்பெற்ற சிலை அது. 1914 செப்டம்பரில், முதல் உலகப் போரில், ஜெர்மானியர் வீசிய குண்டில் கோயிலைச் சுற்றிக் கட்டியிருந்த சாரம் பற்றிக்கொண்டது. கூரை முழுக்க ஓக் மரம், எரிந்து போனது. சிரிக்கும் சம்மனசின் தலை விழுந்து உடைந்தது. தலையைப் பிறகு ஒட்டவைத்துச் சரிசெய்தார்கள். கூரையை மரத்தில் கட்டாமல், வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கோத்துக் கட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாதிரிக்கு எடுத்த மூலக் கோயிலின் தலைமேல் இன்றைக்குக் கான்கிரீட் இருக்கிறது. அதைப் பார்த்து மானாமதுரைப் பக்கத்தில் எழுப்பிய மண் கோயிலோ அந்தப் போருக்கு இருபது வருஷம் முந்தியது. செல் அடிகளார் மனசில் வைத்து வரைந்த ரீம்ஸ், எரிவதற்கு முந்தைய ரீம்ஸ்.

செல் அடிகளாருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஊரில் இதற்கு ஒரு வரலாறு சொல்வார்கள். பிரான்சில் மரியன்னாள் என்று ஒரு பெண். தீராத நோயில் படுத்துவிட்டாள். இயேசுவின் திருஇருதயத்திடம் வேண்டிக்கொண்டாள், எழுந்தாள். நன்றிக் காணிக்கையாக அவள் கொடுத்த பணத்தில்தான் கோயில் வேலை தொடங்கியது என்பார்கள். கோயிலுக்குத் திருஇருதய ஆண்டவர் பெயர் அமைந்ததும் அப்படித்தான் என்பது ஊர் நம்பிக்கை. இதை அவர்கள் சொல்லும் விதத்தில் ஒரு உரிமை இருக்கிறது. கடல் கடந்து எங்கேயோ இருந்த ஒரு பெண்ணைத் தங்கள் வீட்டுப் பிள்ளை பிழைத்த மாதிரிப் பேசுகிறார்கள்.

அந்தக் காலத்தைப் பார்த்தால் இது பொருந்தவும் செய்கிறது. திருஇருதய பக்தி பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டில் மார்கரீத் மரியா என்ற கன்னியாஸ்திரி கண்ட காட்சியிலிருந்து பரவியது. 1856-இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அந்தத் திருநாளை உலகத் திருச்சபை முழுமைக்கும் ஆக்கினார். சேசு சபையார் அந்தப் பக்தியைத் தங்கள் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டவர்கள். 1837 முதல் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்ப வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தார்கள். மாத முதல் வெள்ளிக்கிழமை, நற்கருணை ஆசீர், வீட்டுச் சுவரில் சிவப்பு விளக்கு எரியும் திருஇருதயப் படம், இதெல்லாம் நம் கிராமங்களில் வேர்விட்டது அப்படித்தான். என் அம்மா முதல் வெள்ளிக்கு உபவாசம் இருப்பார். அரை நாள் கூலி போனாலும் சரி, அன்றைக்குப் பூசைக்குப் போய்வந்த பிறகுதான் வேலைக்கே கிளம்புவார்.

ஆனால் இந்தச் சீமையின் விசுவாசம் 1894-இல் தொடங்கியது இல்லை. கோயிலை மட்டும் பார்த்துவிட்டு 'பிரெஞ்சுக்காரன் கொடுத்தது' என்று போய்விடக் கூடாது. 1606-இல் மதுரைக்கு வந்து காவி கட்டி, தமிழும் வடமொழியும் படித்து, புலால் விட்டு வாழ்ந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி நாட்டிய மிஷன் இது. மறவர் நாடு என்று சொன்ன இந்த ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் ஊர் ஊராக நடந்த போர்த்துக்கீசியக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை கொடுத்தார். அவர் ரத்தம் விழுந்த செம்மண் என்று ஓரியூர் மண்ணை இன்றைக்கும் ஜனங்கள் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சருகணி கோயிலுக்கு மருது பாண்டியர்கள் தேரும் மானியமும் கொடுத்தார்கள். சேசு சபையையே 1773-இல் கலைத்துவிட்டார்கள். குருக்கள் அபூர்வமாக வந்துபோன அந்த நீண்ட காலத்தில் ஜெபத்தைக் காப்பாற்றியது ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களும் வீட்டுப் பெண்களும்தான். இடைக்காட்டூர் செங்கல் அந்த அஸ்திவாரத்தின் மேல் ஏறியது. ஊருக்குப் பெயரே இடைக்காட்டுச் சித்தரோடு சேர்த்துச் சொல்லும் பெயர். கோயில் எழும்பியபோது இங்கே ஜனங்களுக்குச் சாமியும் ஞானியும் புதிதில்லை.

இப்போது கோயில் சிவகங்கை மறைமாவட்டத்துத் திருத்தலம். 1987-இல் மதுரையிலிருந்து பிரித்து அமைத்த மறைமாவட்டம் அது. 40 புனிதர்களின் திருப்பண்டங்கள், அதாவது அவர்கள் நினைவாகப் போற்றிக் காக்கும் எச்சங்கள், இங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். நேர்ச்சை வைத்து வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தவர்கள், வெளிநாடு போகும் மகனின் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என்று பார்த்தேன். யாரும் யாரையும் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம். சொந்த வண்டி இருந்தால் சுலபம். பஸ் என்றால் மானாமதுரை வழித்தடத்தில் முத்தனேந்தலில் இறங்கி உள்ளே போக வேண்டியிருக்கும், ஆட்டோவுக்குத் தயாராக இருங்கள். சிற்றூர் என்பதால் சாப்பாட்டைத் திருப்புவனத்திலோ மானாமதுரையிலோ முடித்துக்கொள்வது நல்லது. குழந்தைகள் இருந்தால் குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். கூட்டம் இல்லாத சாதாரண நாளில் கட்டடத்தைப் பாருங்கள். ஆனால் ஒரு பூசையாவது கண்டுவிட்டு வாருங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். ஆள் இல்லாத கோத்திக் கூடம் அழகு, சரி. பாட்டு எழும்போதுதான் அந்த உயரம் எதற்கு என்று புரியும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் முதலில் எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, சத்தம் வளைவுகளில் ஏறி ஒரு நொடி தாமதித்துத் திரும்ப வருகிறது. சுவர் பாடுவதாகவே தோன்றும்.

திருநாள் பார்க்க வேண்டுமானால் திருஇருதயப் பெருவிழா. தேதி மாறிக்கொண்டே வரும், பெரும்பாலும் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையில் விழும். கொடியேற்றம், நவநாள், சப்பரப் பவனி என்று ஊர் நிறைந்திருக்கும். ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கு நடத்தும் ஊர்களில் இதுவும் ஒன்று. ஆண்டவரின் பாடுகளை ஊர் ஜனமே வேஷம் கட்டி நடிக்கும். பகலில் வயலில் பார்த்த மனிதரை ராத்திரி பிலாத்துவாகப் பார்ப்பது ஒரு அனுபவம். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். விசுவாசத்தைப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களில்தான் போக வேண்டும்.

படம் எடுக்க வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண ஆல்பத்துக்கு இந்த இடம் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்டவரின் திருவுடலாக நாங்கள் வணங்கும் நற்கருணை இருக்கும் இடம் இது. செருப்பை வெளியே விடுங்கள். பீடத்துப் படியில் ஏறி நிற்காதீர்கள். முழங்காலில் இருப்பவர்கள் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தூணில் பெயர் கீறுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: நீங்கள் கீறுவது சுட்ட கல்லின் தோலை. அது திரும்ப வளராது. அந்தக் கீறலில் மழைத்தண்ணீர் தங்கும், உப்புப் பூக்கும், உதிரும்.

அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் வேறொரு பழைய கிராமக் கோயிலில் நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நூறு வருஷச் சுண்ணாம்புச் சுவர். திருநாளுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்துவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், காசும் நிறையச் செலவு. அடுத்த மழைக்காலம் வரைக்கும் அழகாக இருந்தது. அஸ்திவாரத்திலிருந்து ஏறிய ஓதம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல்லைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பூச்சைத் தட்டினால் பொத்தென்று சத்தம். பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே கல் இருந்த இடத்தில் சிவப்புத் தூள்தான் இருந்தது, விரலால் வழித்து எடுக்கும் அளவுக்கு. சிமெண்ட் நல்ல சரக்குதான், நான் அதில்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு அது எதிரி. பழைய கோயிலில் இணைப்புச் சாந்து உதிர்ந்தால் சுண்ணாம்பால்தான் பாயிண்டிங் செய்ய வேண்டும். கல் போனால் அதே அச்சில், அதே மண்ணில் கல் சுட்டுத்தான் வைக்க வேண்டும். கூரையில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்தால் விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

இடைக்காட்டூர் மாதிரி கோயிலைப் பராமரிக்கும் எந்தப் பங்குக்கும் இது சின்னச் செலவு இல்லை. நகரத்துப் பங்குகளின் உண்டியல் வேறு, கிராமத்து உண்டியல் வேறு. அதனால் போகிறவர்கள் காணிக்கை போடும்போது கை தாராளமாக இருக்கட்டும். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் தொகையைப் போட்டாலே அது ஒரு மூட்டைச் சுண்ணாம்புக்கு உதவும்.

கட்டட வேலை பழகும் பையன்கள், சிவில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெளிச்சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுங்கள். காகிதமும் பென்சிலும் கையில் கொடுத்து, தனித்தனி வடிவத்தில் எத்தனை செங்கல் கண்ணில் படுகிறதோ அத்தனையையும் வரையச் சொல்லுங்கள். நான் என் மகனை அப்படித்தான் விட்டேன். நாற்பதைத் தாண்டியதும் காகிதம் தீர்ந்துவிட்டது. முகப்பின் இடது பக்கம்கூட இன்னும் முடியவில்லை.